கூம்பு நத்தை: அழகான ஓட்டுக்குள் இருந்த ஆபத்து தெரியவந்த வரலாறு

ஆபத்தான விலங்குகளின் பெயர்களைச் சொல்லுங்கள் என்று வகுப்பில் கேட்டால், புலி, சிங்கம், யானை, முதலை, பாம்பு என்று பிள்ளைகள் அடுக்கிக்கொண்டே போவார்கள். நத்தை என்று யாரும் சொல்வதில்லை. நத்தையால் ஓட முடியாது. அதற்கு நகம் இல்லை, கொம்பு இல்லை. தொட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட நத்தை இனத்திலேயே மனிதரைக் கொல்லக்கூடிய ஒரு குடும்பம் உண்டு. அதன் பெயர் கூம்பு நத்தை.

கூம்பு நத்தைகள் வெதுவெதுப்பான கடல்களில் வாழ்பவை. அறிவியலில் இவற்றைக் கோனஸ் என்பர். உலகில் 800-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. எல்லாவற்றிடமும் நஞ்சு உண்டு. ஆனால் மனித உயிருக்கு ஆபத்தானவை சில இனங்களே. அவற்றுள் முதலாவது, கோனஸ் ஜியோகிராபஸ் எனப்படும் நிலப்படக் கூம்பு நத்தை. அதன் ஓட்டிலுள்ள பழுப்பு நிறத் திட்டுகள் பழைய தேசப்படம் போலத் தோன்றுவதால் இப்பெயர் வந்தது. பதிவாகியுள்ள மரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம்.

இந்த ஓடுகளை மனிதர்கள் பல நூற்றாண்டுகளாக விரும்பிச் சேகரித்து வந்தார்கள். ஆனால் உள்ளே இருக்கும் உயிர் எப்படி வாழ்கிறது என்பது 20-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் தெளிவாகத் தெரிந்தது. அது ஏன் அவ்வளவு தாமதமாயிற்று என்பதையும், தெரிந்த பிறகு என்ன நடந்தது என்பதையும் இக்கட்டுரை கூறுகிறது.

உருவமும் வேட்டையும்

ஐஸ்கிரீம் கூம்பைத் தலைகீழாகக் கற்பனை செய்து பாருங்கள். ஒரு முனை அகலமாகவும் மறு முனை குறுகலாகவும் இருக்கும். கூம்பு நத்தையின் ஓடும் அப்படித்தான். ஓட்டின் ஒரு பக்கத்தில் நீளவாக்கில் ஒடுங்கிய பிளவு இருக்கும். நத்தை அதன் வழியாகத்தான் வெளியே வரும்.

கூம்பு நத்தைகள் பெரும்பாலும் இரவில் இரை தேடுபவை. பகலில் மணலுக்குள்ளோ பவளப் பாறைகளின் அடியிலோ கிடக்கும். குறுகிய முனையிலிருந்து ஒரு குழலை வெளியே நீட்டி நீரை உள்ளே இழுத்து, அந்த நீரின் மணத்தைக் கொண்டு இரை எங்கே இருக்கிறது என்று அறிந்துகொள்ளும். பின்பு சிறு தும்பிக்கை போன்ற இன்னொரு குழலை மெதுவாக இரையை நோக்கி நீட்டும்.

அந்தத் தும்பிக்கையின் நுனியில் ஒரு பல் தயாராக இருக்கும். இது நம் பல்லைப் போன்றதன்று. உள்ளே துளை கொண்ட நுண்ணிய ஊசி. பல இனங்களில் அதன் முனையில் தூண்டில் முள்ளில் இருப்பது போன்ற எதிர்முள்ளும் உண்டு. மருத்துவரின் ஊசியையும் மீனவரின் எறியீட்டியையும் ஒன்றாகச் சேர்த்தது போல என்று சொல்லலாம். உடலுக்குள் உள்ள நஞ்சுக் குமிழ் சுருங்கும்போது, நஞ்சு இந்த ஊசியின் வழியாக இரைக்குள் பாயும். இவையெல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு பல்லை ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். அம்புறாத்தூணியில் அம்புகளை வைத்திருப்பது போல, அடுத்தடுத்த பற்கள் உடலுக்குள் ஒரு பையில் தயாராக இருக்கும்.

பெரும்பாலான கூம்பு நத்தைகள் கடற்புழுக்களைத் தின்பவை. சில இனங்கள் மற்ற நத்தைகளைத் தின்னும். இன்னும் சில இனங்கள் மீனைத் தின்னும். நீந்தத் தெரியாத நத்தை நீந்தும் மீனைப் பிடிக்க வேண்டுமானால், அந்த மீன் தப்பி ஓடுவதற்குள் அசையாமல் நின்றுவிட வேண்டும். அதனால்தான் மீன் தின்னும் இனங்களின் நஞ்சு அவ்வளவு விரைவாக வேலை செய்கிறது. மீனுக்கும் மனிதனுக்கும் முதுகெலும்பு உண்டு. நரம்புகள் வேலை செய்யும் விதத்திலும் ஒற்றுமை உண்டு. ஆகவே மீனை முடக்கும் நஞ்சு மனிதனையும் முடக்கிவிடும்.

நகையாகவும் பணமாகவும்

விஞ்ஞானிகள் வருவதற்கு வெகு காலம் முன்பே மக்கள் கூம்பு நத்தையின் ஓட்டைப் பயன்படுத்தினார்கள். பாப்புவா நியூகினிக்கு அருகிலுள்ள டிரோபிரியாண்டு தீவுகளிலும் அவற்றைச் சுற்றியுள்ள தீவுகளிலும், பெரிய கூம்பு ஓட்டை வளையமாக அறுத்துக் கையணி செய்வார்கள். அதற்கு ம்வாலி என்று பெயர். ஒரு தீவினர் இன்னொரு தீவினருக்கு இதைப் பரிசாகக் கொண்டு போவார்கள். அவர்கள் பதிலுக்குச் சிவப்புச் சிப்பி மாலை கொடுப்பார்கள். தீவுகளுக்கிடையே நட்பைக் காத்த இந்தப் பரிமாற்றத்துக்குக் குலா என்று பெயர். மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் 1922-இல் வெளியிட்ட நூலின் மூலம் இது உலகம் முழுவதும் அறியப்பட்டது.

ஆப்பிரிக்காவின் உள்நாட்டிலும் கூம்பு ஓட்டின் அகன்ற முனையை வட்டமாக வெட்டி எடுத்து, அரசர்கள் கழுத்தில் அணிந்தார்கள். டேவிட் லிவிங்ஸ்டன் 1854-இல் ஷிண்டே என்ற தலைவரைச் சந்தித்தபோது, அவர் தம் நட்பின் அடையாளமாக அத்தகைய ஓட்டு வட்டம் ஒன்றை லிவிங்ஸ்டனின் கழுத்தில் அணிவித்தார். கடலே இல்லாத அந்தப் பகுதியில் அது மிகவும் அரிய பொருள். அங்கே இரண்டு ஓடுகள் கொடுத்தால் ஓர் அடிமையை வாங்கலாம், ஐந்து ஓடுகள் ஒரு யானைத் தந்தத்துக்கு நல்ல விலை என்று லிவிங்ஸ்டன் எழுதியிருக்கிறார். மனிதரைவிட யானைத் தந்தத்துக்கு விலை அதிகமாக இருந்த கொடுமையையும் மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டும்.

ஐரோப்பியரின் சங்கு மோகம்

17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களின் கப்பல்கள் கிழக்குத் தீவுகளிலிருந்து சாதிக்காய், கிராம்பு ஆகியவற்றோடு கடல் ஓடுகளையும் ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றன. செல்வந்தர்கள் அவற்றைக் கண்ணாடிப் பேழைகளில் அடுக்கி வைத்துப் பெருமைப்பட்டார்கள். புகழ்பெற்ற டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1650-இல் ஒரு கூம்பு ஓட்டைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். அச்சில் இடம் வலமாக மாறும் என்பதால், தம் கையெழுத்தைத் தகட்டில் கவனமாகத் திருப்பிச் செதுக்கினார். ஆனால் ஓட்டைத் திருப்பவில்லை. ஆகவே அந்தப் படத்தில் ஓட்டின் சுருள் இயற்கைக்கு மாறான திசையில் சுற்றுகிறது.

ஓடுகளின் விலையும் ஏறிக்கொண்டே போனது. 1796-இல் ஹாலந்தில் லியோனே என்பவரின் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தது. அதில் வெர்மீர் வரைந்த, கடிதம் படிக்கும் பெண்ணின் ஓவியம் 43 கில்டருக்கு விற்கப்பட்டது. இன்று ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தின் பெருஞ்செல்வங்களில் ஒன்றாக இருக்கும் ஓவியம் அது. அதே சேகரிப்பிலிருந்த செடோனுல்லி என்ற சிறிய கூம்பு ஓடு, அந்த ஓவியத்தைப் போல் ஐந்து மடங்குக்கும் மேலான விலைக்குப் போனது.

இவ்வளவு விலை கொடுத்தவர்களுக்கு அந்த ஓட்டினுள் வாழ்ந்த உயிரைப் பற்றி அநேகமாக ஒன்றும் தெரியாது. காரணம் எளிது. அவர்கள் கைக்கு வந்தது காலி வீடு. குடியிருந்த நத்தை எப்போதோ இறந்துவிட்டது. காலி ஓடு யாரையும் கொட்டாது. 1758-இல் லின்னேயஸ் நிலப்படக் கூம்பு நத்தைக்கு அறிவியல் பெயர் சூட்டினார். அப்போதெல்லாம் இனங்களைப் பிரித்தறிய முதலில் பார்க்கப்பட்டவை ஓட்டின் வடிவமும் நிறமுமே.

அம்போன் தீவில் எழுதப்பட்ட முதல் பதிவு

உயிருள்ள நத்தையைப் பற்றி அறிந்தவர்கள் கடற்கரையில் வாழ்ந்தவர்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைத்தவர் ஜார்ஜ் எபர்ஹார்டு ரம்பியஸ். 1627-இல் ஜெர்மனியில் பிறந்த இவர், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றி, இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவில் பல்லாண்டுகள் வாழ்ந்தார்.

ரம்பியஸின் வாழ்க்கை துன்பம் நிறைந்தது. 1670-இல் இரு கண்களின் பார்வையும் போயிற்று. 1674-இல் நிலநடுக்கத்தில் மனைவியையும் மகளையும் இழந்தார். 1687-இல் ஊரில் பற்றிய தீயில் அவர் சேர்த்துவைத்திருந்த படங்கள் எரிந்தன. ஆனாலும் மகனையும் உதவியாளர்களையும் கொண்டு சொல்லச் சொல்ல எழுதவைத்தார். உள்ளூர் மக்கள் ஒவ்வொரு செடிக்கும் ஓட்டுக்கும் என்ன பெயர் சொல்கிறார்கள் என்பதையும் குறித்தார். 1702-இல் அவர் இறந்தார். கடல் உயிரிகளைப் பற்றிய அவருடைய நூல் மூன்று ஆண்டுகள் கழித்து, 1705-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது.

அந்த நூலில்தான் கூம்பு நத்தையால் நேர்ந்த ஒரு மரணம் பதிவாகியிருக்கிறது. பாண்டா தீவில் ஓர் அடிமைப் பெண் வலை இழுக்கும் இடத்தில் ஒரு நத்தையை எடுத்துக் கையில் வைத்திருந்தாள். கரையை நோக்கி நடக்கும்போது கையில் இலேசான அரிப்பு தோன்றியது. அது மெல்ல மெல்லக் கையில் ஏறி உடல் முழுவதும் பரவியது. அவள் இறந்துபோனாள். அவள் செய்தது கடற்கரையில் எந்தக் குழந்தையும் செய்யக்கூடிய ஒன்றுதான்.

பாண்டா சாதிக்காய் விளையும் தீவு. 1621-இல் டச்சுக் கம்பெனி அத்தீவுகளைப் பிடித்து, அங்கிருந்த மக்களில் பெரும்பாலோரைக் கொன்றும் விரட்டியும் விட்டு, தோட்ட வேலைக்குப் பல நாடுகளிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தது. சோழமண்டலக் கடற்கரையிலிருந்தும் அக்கம்பெனி அடிமைகளைக் கிழக்குத் தீவுகளுக்குக் கப்பலேற்றியது. நத்தையின் பெயரை எழுதிய நூல், அந்தப் பெண்ணின் பெயரை எழுதவில்லை. ஆனாலும் கூம்பு நத்தையின் நஞ்சைப் பற்றிய எழுத்து வரலாறு அவளிடமிருந்துதான் தொடங்குகிறது.

கப்பல் தலைவரைக் கொட்டிய நத்தை

ரம்பியஸ் எழுதியும் சேகரிப்பாளர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த முக்கியமான பதிவுகளில் ஒன்று 1848-இல் அச்சானது. சமராங் என்ற ஆங்கிலேயக் கப்பல் 1840-களில் கிழக்குக் கடல்களை அளக்கச் சென்றது. அதன் தலைவர் சர் எட்வர்டு பெல்ச்சர், மொலுக்கா தீவுகளில் உயிருள்ள ஒரு கூம்பு நத்தையை நீரிலிருந்து எடுத்தார். அது தன் தும்பிக்கையைச் சட்டென்று நீட்டி அவர் கையைக் கொட்டிவிட்டது.

கப்பலில் உதவி மருத்துவராக இருந்த ஆர்தர் ஆடம்ஸ் இதை எழுதிவைத்தார். தோலுக்கடியில் பாஸ்பரஸ் எரிவது போன்ற வலி என்றும், சிறிய ஆழமான காயம் ஏற்பட்டது என்றும் அவர் குறித்தார். பெல்ச்சர் பிழைத்துக்கொண்டார். அவரைக் கொட்டியது மற்ற நத்தைகளைத் தின்னும் இனத்தைச் சேர்ந்தது.

இரண்டு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் நத்தை மனிதரைத் தேடி வரவில்லை. மனிதர்தான் நத்தையைக் கையில் எடுத்தார். இன்றுவரை பதிவான நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவையே.

ஹேமன் தீவு, 1935

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுப் பகுதியில் ஹேமன் என்ற தீவு உள்ளது. 1935-இல் அங்கே உல்லாசப் பயணம் சென்ற இளைஞர் ஒருவர், உயிருள்ள நிலப்படக் கூம்பு நத்தை ஒன்றைக் கண்டெடுத்தார். உயிருள்ள கூம்பு நத்தையின் ஓட்டின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு தோல் படர்ந்திருக்கும். அதைச் சுரண்டினால்தான் உள்ளே இருக்கும் அழகிய கோலம் தெரியும். அந்த இளைஞர் பிளவுப் பக்கம் உள்ளங்கையில் படும்படி நத்தையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கத்தி கொண்டு சுரண்டினார். நத்தை உள்ளங்கையில் கொட்டியது.

முதலில் பெரிய வலி இல்லை. சிறிது நேரத்தில் உதடுகள் மரத்தன. பார்வை மங்கியது. கால்கள் செயலிழந்தன. பிறகு நினைவு தப்பியது. சில மணி நேரத்துக்குள் அவர் இறந்தார். ஆஸ்திரேலியாவில் கூம்பு நத்தையால் நேர்ந்ததாகப் பதிவான மரணம் இது. கெய்ர்ன்ஸ் நகர மருத்துவர் ஹியூகோ பிளெக்கர், அடுத்த ஆண்டு மருத்துவ இதழில் இதை விரிவாக எழுதினார். நச்சுக் கடல் உயிரிகளை ஆராய்வதில் பேர்பெற்றவர் அவர். மிகக் கொடிய பெட்டி இழுதுமீன் ஒன்றுக்குப் பிற்காலத்தில் அவருடைய பெயரே சூட்டப்பட்டது.

இதில் ஒரு செய்தி முக்கியமானது. இந்த நஞ்சு கொல்வது பெரும்பாலும் மூச்சை நிறுத்துவதன் மூலம். நரம்புகளின் கட்டளை தசைகளுக்குப் போய்ச் சேராததால், மூச்சுவிட உதவும் தசைகள் ஓய்ந்துவிடுகின்றன. நஞ்சின் வேகம் தணியும் வரை செயற்கையாக மூச்சு கொடுத்துவந்தால் உயிர் பிழைக்க வாய்ப்பு உண்டு. பாம்புக்கடிக்கு இருப்பது போன்ற நச்சுமுறி மருந்து இதற்கு இன்றுவரை இல்லை.

நத்தை மீன் தின்னுமா?

கூம்பு நத்தைக்கு ஏன் இவ்வளவு கடுமையான நஞ்சு தேவை? ஆலன் கோன் என்ற இளம் அமெரிக்க ஆய்வாளர் ஹவாய்த் தீவுகளில் கூம்பு நத்தைகளை உயிரோடு நீர்த்தொட்டியில் வைத்துக் கவனித்தார். கோடுகள் கொண்ட கோனஸ் ஸ்டிரையேட்டஸ் என்ற இனம், தொட்டியிலிருந்த மீனைக் கொட்டி, அது அசைவற்றுப் போனதும் முழுதாக விழுங்குவதை அவர் கண்டார். 1956-இல் இதை வெளியிட்டார். ஊர்ந்து செல்லும் நத்தை, நீந்தும் மீனை வேட்டையாடுகிறது என்பது உயிரியலாளர்களுக்கே வியப்பாக இருந்தது.

பாண்டாவில் நடந்த மரணம் அச்சேறி அப்போது 250 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. கோன் செய்தது ஓட்டை வாங்கி அடுக்குவது அன்று. உயிரைப் பொறுமையாகப் பார்ப்பது. பின்னாளில் இந்தியக் கடற்கரைகளில் காணப்படும் கூம்பு நத்தைகளையும் அவர் ஆராய்ந்து, 1978-இல் அவற்றைப் பற்றி எழுதினார்.

நிலப்படக் கூம்பு நத்தையின் வேட்டை இன்னும் விந்தையானது. அது தன் வாயை வலை போல அகல விரித்து, சிறு மீன்களை அப்படியே மூடிவிடும். உள்ளே போன பிறகுதான் கொட்டும். அப்படியானால் மனிதரை ஏன் அவ்வளவு கடுமையாகத் தாக்குகிறது? இதற்கான விடை 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் கிடைத்தது. இந்த நத்தை இரு வகை நஞ்சு வைத்திருக்கிறது. ஒன்று இரை பிடிக்க. மற்றது தன்னைக் காத்துக்கொள்ள. தசைகளை முடக்கும் நச்சுப் பொருள்கள் தற்காப்பு நஞ்சில்தான் நிறைந்திருக்கின்றன. நாம் அதைக் கையில் எடுக்கும்போது, தன்னைத் தின்ன வந்த பகையென்று எண்ணி அந்த நஞ்சைச் செலுத்துகிறது.

மணிலாவில் தொடங்கிய ஆராய்ச்சி

பிலிப்பைன்ஸ் நாட்டில் 1941-இல் பிறந்த பால்டோமெரோ ஒலிவேரா சிறுவயதிலேயே கடல் ஓடுகள் சேகரிப்பவர். அமெரிக்காவில் உயர்கல்வி கற்று, மரபணுப் பொருளைப் பற்றி ஆராய்ந்தார். 1960-களின் இறுதியில் தாய்நாடு திரும்பியபோது, அந்த ஆராய்ச்சியைத் தொடர மணிலாவில் கருவிகள் இல்லை. விலையுயர்ந்த கருவி இல்லாமல், தம் நாட்டில் எளிதில் கிடைக்கும் பொருளைக் கொண்டு என்ன செய்யலாம் என்று யோசித்தார். மீனவர்களிடம் கூம்பு நத்தைகள் கிடைத்தன. அவற்றின் நஞ்சை ஆராயத் தொடங்கினார். லூர்தெஸ் குரூஸ் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடன் இணைந்தார்.

பின்னர் ஒலிவேரா அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே அவருடைய ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த மாணவர்களால்தான் பெரிய திருப்பம் ஏற்பட்டது. கிரெய்க் கிளார்க் என்ற மாணவர், நஞ்சைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறையும் எலியின் மூளைப் பகுதியில் செலுத்திப் பார்க்கலாம் என்றார். விளைவு எதிர்பாராததாக இருந்தது. ஒரு கூறு எலியை நடுங்கவைத்தது. இன்னொன்று குட்டி எலிகளைத் தூங்கவைத்தது. அதுவே வளர்ந்த எலிகளைப் பரபரப்பாக ஓடவைத்தது. அதாவது கூம்பு நத்தையின் நஞ்சு ஒரே பொருள் அன்று. நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களின் கலவை. ஒவ்வொன்றும் நரம்பு மண்டலத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தேடிச் சென்று தாக்குகிறது. ஒவ்வொரு பூட்டுக்கும் தனித்தனிச் சாவி இருப்பது போன்றது இது.

நஞ்சிலிருந்து மருந்து

பள்ளிப் படிப்பை முடித்துச் சில நாளே ஆன மைக்கேல் மெக்கின்டாஷ் என்ற 18 வயது இளைஞரும் அதே ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். நடுக்கம் தரும் கூறுகளைப் பிரித்தெடுக்கும் வேலையில் அவர் ஈடுபட்டார். கோனஸ் மேகஸ் என்ற நத்தையின் நஞ்சிலிருந்து ஒரு சிறு பொருளைத் தனியே எடுத்தார். 25 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது.

வலி என்ற செய்தி நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்கு வந்து, அங்கே அடுத்த நரம்புக்குக் கைமாறி மூளைக்குப் போகிறது. அந்தக் கைமாற்றம் நடக்க, நரம்பு முனையில் கால்சியம் நுழையும் வாயில்கள் திறக்க வேண்டும். மெக்கின்டாஷ் பிரித்தெடுத்த பொருள் அந்த வாயில்களை அடைத்துவிடுகிறது. செய்தி கைமாறாவிட்டால் வலி தெரியாது. மீனை முடக்க நத்தை பயன்படுத்தும் ஒரு பொருள், மனிதரின் வலியைத் தடுக்கவும் உதவும் என்று இதனால் தெரிந்தது.

பல ஆண்டுச் சோதனைக்குப் பின், 2004 டிசம்பரில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதற்கு ஒப்புதல் அளித்தது. மருந்தின் பெயர் சிகோனோடைடு. இது நத்தையிலிருந்து எடுக்கப்படுவதில்லை. அதே அமைப்பு ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகச் செய்யப்படுகிறது. மார்பின் போன்ற மருந்துகளால் தணியாத கடும் வலியால் வருந்துவோருக்கு, சிறிய பம்பு மூலம் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர்மத்தில் செலுத்துவார்கள். மார்பினுக்கு அடிமையாவது போல இதற்கு அடிமையாவதில்லை. ஆனால் மனக்குழப்பம் போன்ற கடுமையான பக்கவிளைவுகள் உண்டு. ஆகவே வேறு வழியில்லாத நோயாளிகளுக்கே இது தரப்படுகிறது.

2015-இல் இன்னொரு வியப்பு வெளிப்பட்டது. நிலப்படக் கூம்பு நத்தை மீன்களைப் பிடிக்கும்போது இன்சுலினையும் வெளியிடுகிறது என்று யூட்டா ஆய்வாளர்கள் கண்டார்கள். மீனின் இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று குறைந்து, அது மயங்கி நிற்கிறது. இந்த இன்சுலின் மிக விரைவாக வேலை செய்யக்கூடியது. நீரிழிவு நோயாளிகளுக்கான புதிய இன்சுலினை உருவாக்க இதன் அமைப்பு உதவுமா என்று ஆராய்கிறார்கள்.

நம் கடலில் கூம்பு நத்தை

இந்தியக் கடல்களிலும் பல கூம்பு நத்தை இனங்கள் வாழ்கின்றன. மன்னார் வளைகுடாவின் பவளத் திட்டுகளிலும் அவை உண்டு. துணியில் நெய்த கோலம் போன்ற ஓடு கொண்ட கோனஸ் டெக்ஸ்டைல் இனமும் நம் நாட்டுக் கடலில் காணப்படுவதே. இராமேசுவரம், கன்னியாகுமரி ஊர்களின் சங்குக் கடைகளில் கூம்பு ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை காலி ஓடுகள், ஆபத்தில்லாதவை.

அரிய இனமான கோனஸ் மில்னே-எட்வர்ட்சி, இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்படுகிறது. அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். உலக அளவில் 632 கூம்பு நத்தை இனங்களின் நிலை மதிப்பிடப்பட்டு, 2013-இல் முடிவு வெளியானது. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இனங்கள் அழியும் ஆபத்திலோ அதை நெருங்கியோ இருந்தன. ஓர் இனம் அழிந்தால் அதன் நஞ்சிலுள்ள நூற்றுக்கணக்கான பொருள்களும் அதோடு போய்விடும். அவற்றில் எது மருந்தாகியிருக்கும் என்று அறிய வழியே இருக்காது.

மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை

கடற்கரையிலோ பாறை இடுக்கிலோ கூம்பு வடிவில் நத்தையைக் கண்டால் கையில் எடுக்காதீர்கள். சட்டைப் பையிலோ கைப்பையிலோ போடாதீர்கள். அகன்ற முனையைப் பிடித்தால் பாதுகாப்பு என்று சிலர் சொல்வது தவறு. தும்பிக்கை ஓட்டைச் சுற்றி நீளக்கூடியது. மெல்லிய துணியையும் கையுறையையும் அதன் ஊசி துளைக்கும். காலி ஓடுதானா என்று ஐயம் இருந்தால், உயிர் இருக்கிறது என்றே கொள்ளுங்கள். மேற்புறம் பளபளப்பின்றிப் பழுப்புத் தோல் மூடியிருந்தால், உள்ளே உயிர் இருக்க வாய்ப்பு அதிகம்.

யாரையாவது கொட்டிவிட்டால், வலி குறைவாக இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. காயத்தைக் கீறக் கூடாது. வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. கொட்டுப்பட்டவரை நடக்கவிடாமல் படுக்கவைத்து, அந்தக் கை அல்லது கால் முழுவதும் அகலமான கட்டுத்துணியை இறுக்கமாகச் சுற்றி, அசையாமல் சிம்பு வைத்துக் கட்ட வேண்டும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வழியில் மூச்சு நின்றால், பயிற்சி பெற்றவர் செயற்கை மூச்சைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பார்க்க விருப்பமானால், சற்றுத் தள்ளி அமர்ந்து நெடுநேரம் பாருங்கள். நிறத்தையும் கோலத்தையும் உங்கள் குறிப்பேட்டில் வரைந்துகொள்ளுங்கள். பிறகு நத்தையை அது இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.